குட்டி நாய்க்குக் கூலி கொடுங்கள்

காப்பாரைச் சுற்றியுள்ள தாமான்களில் குட்டி நாய் வந்திறங்கும் வீடுகளில் முதல் வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. கூடத்துத் தரையில் ஒரு குட்டை. சோபாவுக்குப் பின்னால் இன்னொன்று. சாமி அறைப் பக்கம் குட்டியை விடவே கூடாது என்று பாட்டி உத்தரவு போடுகிறார். யாரோ ஒருவர் குட்டியின் பிடரியைப் பிடித்து இழுத்துப் போய் அதன் மூக்கை ஈரத்தில் தேய்க்கிறார். சுவரில் தொங்கும் ரோத்தான் கைக்கு வருகிறது. "நாலு போட்டாத்தான் புத்தி வரும்" என்கிறார் இன்னொருவர். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. பரம்பரையாகப் பார்த்து வந்த வழி அது. ஆனால் அந்த வழி குட்டிக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பதை நூறாண்டுக்கு மேலான ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

நாய்க்குக் கழிப்பிடம் பழக்கும் பாடம் நம் தாத்தா பாட்டிகளுக்குத் தேவைப்படவே இல்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ரப்பர்த் தோட்டத்து லயத்திலோ செம்பனைத் தோட்டத்து வீட்டிலோ வளர்ந்த நாய் வீட்டுக்குள் வந்ததில்லை. வாசலில் படுத்தது, மரத்தடிக்குப் போனது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. காட்டுப்பன்றி வந்தால் குரைத்தால் போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, அந்த நிலத்தில் வரிசை வீடுகள் எழுந்தபோது மனிதர்களோடு நாய்களும் இடம் மாறின. இன்று சுங்கை காப்பார் இண்டாவிலோ மேருவிலோ ஒரு குட்டிக்குக் கிடைப்பது கார் நிற்கும் சிமெண்டுப் போர்ச், இரும்புக் கேட், அதற்கப்பால் லோங்காங். மண்ணே கண்ணில் படாத வீடுகள் ஏராளம். தோட்டத்து நாய்க்கு இயற்கையாகக் கிடைத்த ஒன்றை இந்தக் குட்டிக்கு நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

குட்டியின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவே தெரியாது. தாய் அதன் அடிவயிற்றுப் பகுதியை நக்கினால்தான் அனிச்சையாகச் சிறுநீரும் மலமும் வெளிவரும். தாயே அதை உண்டு படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், படுக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிப் போய்க் கழிக்க ஆரம்பிக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும் குணம் இது. எட்டு ஒன்பது வாரங்களில், அதாவது குட்டி நம் வீட்டுக்கு வரும் அதே வயதில், அது குறிப்பிட்ட இடங்களைத் தேடித் தேர்ந்தெடுக்கிறது. படுக்கை வேறு, கழிப்பிடம் வேறு என்ற எண்ணத்தை இயற்கை ஏற்கெனவே அதன் மூளையில் போட்டு அனுப்பியிருக்கிறது. நம் வேலை அந்த எண்ணத்துக்குச் சரியான முகவரியைக் கொடுப்பது மட்டுமே. நெருக்கமான கூண்டில் தன் கழிவின் மேலேயே படுத்து வளர்ந்த குட்டிகளிடம் இந்தக் குணம் மங்கிப் போயிருக்கும். அவற்றுக்குக் கூடுதல் காலமும் கூடுதல் பொறுமையும் வேண்டும்.

அடக்கிவைக்கும் திறன் வேறு விஷயம். அது நரம்புகளும் தசைகளும் முதிர்ந்த பிறகு வருவது. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் பகலில் குட்டி தாக்குப் பிடிக்கக்கூடிய உச்சம் என்று மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் உச்சம்தான். விளையாடும்போது, தண்ணீர் குடித்த பிறகு, இன்னும் சீக்கிரம் வந்துவிடும். நம் ஊர் வெயிலில் குட்டி நிறையக் குடிக்கும், குடிக்கத்தான் வேண்டும். தரை நனைகிறது என்பதற்காகத் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து ஒளித்து வைப்பது ஆபத்தான செயல். இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது நமக்கும் உள்ள அனிச்சைதான். குட்டியிடம் அது மிக வலுவாக இருக்கும். சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அது இடம் தேடும். தூங்கி எழுந்ததும், விளையாட்டு முடிந்ததும், இரவு படுக்கும் முன்பும் தேடும். தரையை மோந்துகொண்டே வட்டம் போடுவது அதன் அறிவிப்பு. இந்த நேரங்களைத் தெரிந்து வைத்திருப்பவருக்குக் குட்டியின் பெரும்பாலான விபத்துகள் முன்கூட்டியே தெரியும்.

இனி கூலிக்கு வருவோம். 1898-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் தார்ண்டைக் என்ற இளைஞர் பூனைகளையும் நாய்களையும் மரக்கூண்டுகளில் விட்டுப் பார்த்தார். கயிற்றை இழுத்தாலோ தாழ்ப்பாளைத் தட்டினாலோ கதவு திறக்கும், வெளியே உணவு. முதல் தடவை விலங்கு கண்டபடி பிராண்டித் தற்செயலாகத் திறந்தது. மறுபடி மறுபடி விட்டபோது, திறக்க எடுத்த நேரம் படிப்படியாகக் குறைந்தது. நல்ல விளைவைத் தந்த செயல் நிலைபெறுகிறது என்று தார்ண்டைக் எழுதினார். அந்த வாக்கியத்தை ஒரு முழு அறிவியலாக வளர்த்தவர் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். ஒரு செயலைத் தொடர்ந்து விலங்குக்குப் பிடித்தது ஒன்று வந்து சேர்ந்தால் அந்தச் செயல் கூடும். இதைத்தான் நேர்மறை வலுவூட்டல் என்கிறோம். 1951-இல் ஸ்கின்னர் பொதுமக்களுக்காக ஓர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில், வீட்டு நாயைப் பழக்க விரும்புபவர் உணவையும் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று விளக்கினார். அவருடைய மாணவர்களான பிரேலண்ட் தம்பதியர் இந்த முறையைக் கொண்டு நாய், கோழி முதல் கடல்வாழ் விலங்குகள் வரை பழக்கினார்கள். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் பின்னாளில் அதையே நாய் வளர்ப்பவர்களிடம் பரப்பினார். டால்பினை அடிக்க முடியாது, கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. நீந்தி விலகிவிடும். அடி இல்லாமலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒலி எதற்கு? காலம்தான் காரணம். குட்டியின் மூளை செயலையும் பலனையும் முடிச்சுப் போடுவதற்கு மிகச் சிறிய இடைவெளிதான் அனுமதிக்கிறது. ஓரிரு வினாடி. குட்டி வெளியே போய்ச் சமர்த்தாகக் கழித்துவிட்டு உள்ளே ஓடிவந்த பிறகு அடுக்களையில் பிஸ்கட் கொடுத்தால், அடுக்களைக்கு ஓடிவந்ததற்குத்தான் கூலி கொடுத்தோம். நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை அளந்து பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடித்தன. ஒவ்வொரு முறையும் சாற்றுக்கு முன் ஒரு சைகையைக் காட்டியபோது, துடிப்பு சாற்றிலிருந்து சைகைக்கு நகர்ந்துவிட்டது. சைகை வந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. பீட்டர் டயன், ரீட் மான்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997-இல் அவர் இதை ஒரு கணக்கு வடிவத்தில் வெளியிட்டார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே மூளை கற்கிறது என்பது அதன் சாரம். நீங்கள் ஒவ்வொரு முறையும் "சபாஷ்" என்று சொல்லிவிட்டு உடனே தீனி கொடுத்தால், சில நாளில் அந்தச் சொல்லே குட்டிக்கு இனிக்கத் தொடங்கும். பிறகு சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவும் அந்த மூன்று வினாடியை "சபாஷ்" தாங்கிக்கொள்ளும்.

இந்த முறை வீட்டுக் குட்டிக்கு மட்டும் உரியதல்ல. 2007-இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் மலேசியாவுக்கு வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். திருட்டு டிவிடிகளில் உள்ள பாலிகார்பனேட் நெகிழியின் வாடையைக் கண்டுபிடிக்கப் பழகியவை அவை. அவற்றின் மோப்பத்தால் நடந்த சோதனைகளுக்குப் பிறகு, அந்த நாய்களின் தலைக்கு விலை வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இத்தகைய மோப்ப நாய்கள் பெரும்பாலும் சம்பளமாகப் பெறுவது ஒரு பந்தும் சில நிமிட விளையாட்டும். திருட்டு டிவிடிக் கும்பல்களை நடுங்கவைத்த வேலையை ஒரு பந்துக்காகச் செய்ய நாய் முன்வரும்போது, குட்டியைப் போர்ச்சின் மூலைக்குப் போகவைக்க ரோத்தான் எதற்கு?

நம் வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். முதலில் இடம். குட்டி இடத்தை மட்டும் நினைவில் வைப்பதில்லை. பாதத்துக்கு அடியில் இருக்கும் பரப்பையும் நினைவில் வைக்கிறது. ஆரம்ப வாரங்களில் எந்தப் பரப்பில் பழகுகிறதோ அதையே பிறகும் பெரும்பாலும் நாடும். இங்கேதான் நம் வரிசை வீடுகளின் சிக்கல் இருக்கிறது. போர்ச்சின் சிமெண்டில் கழிக்கப் பழகிய குட்டிக்குக் கூடத்துத் தரையும் அதே போன்ற கடினமான, வழுவழுப்பான பரப்புதான். வாசற்படிக்கு இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தவறு என்று அது எப்படிப் பிரித்தறியும்? அதனால் பாதத்துக்கு வேறாகத் தெரியும் ஒரு பரப்பைத் தேர்ந்தெடுங்கள். வேலியோரம் இரண்டடி மண் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் தட்டையான பெரிய தட்டில் புல் துண்டைப் பதித்துப் போர்ச்சின் ஒரு மூலையில் வையுங்கள். செடி விற்கும் இடங்களில் தரைக்குப் போடும் புல் சதுரமாகவே கிடைக்கிறது. பிறகு அதை மாற்றிக்கொண்டே வரலாம். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. மேலே கூரை இருப்பது நல்லது. மலாக்கா நீரிணையிலிருந்து விடியற்காலையில் அடித்துவரும் 'சுமத்ரா' புயல்மழை கிள்ளான் கரையோரத்துக்குப் புதிதல்ல. குட்டியின் முதல் சிறுநீரும் சரியாக அதே நேரத்தில்தான் வரும். இடியும் மழையும் கொட்டும்போது திறந்தவெளியில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால் இடத்தின் மேலேயே பயம் வந்துவிடும்.

தெருவோரப் புல்லுக்கு அழைத்துப் போகலாமே என்று தோன்றும். தடுப்பூசித் தொடர் முடியும்வரை வேண்டாம். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தெருநாய்கள் நடமாடும் லோங்காங் ஓரம் குட்டிக்கு மிக ஆபத்தான இடம். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போகும். அதேநேரம் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரைதான் குட்டி உலகத்தோடு பழகக் கற்கும் முக்கியமான காலம் என்பதை ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் நீண்ட ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் நூலாக எழுதினார்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் பசார் மாலாம் சத்தத்தையும் தூரத்திலிருந்து கேட்கவையுங்கள். காலைத் தரையில் வைக்காமலே இவ்வளவும் செய்யலாம்.

இடம் முடிவானதும், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறையாவது, மேலே சொன்ன நேரங்களில் தவறாமலும் குட்டியை அங்கே கூட்டிப் போங்கள். கயிறு கட்டி, பேசாமல், விளையாடாமல் நில்லுங்கள். கழிக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள்; எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள் இப்படித்தான் சொல் கேட்டுக் கழிக்கப் பழகுகின்றன. கழித்து முடித்த கணத்தில் "சபாஷ்" சொல்லி, விரல்நுனி அளவு அவித்த கோழித் துண்டைக் கொடுங்கள். பாதியில் கொடுத்தால் குட்டி பாதியில் நிறுத்திவிட்டுத் தீனிக்குத் திரும்பும். மிச்சம் கூடத்தில் வந்து விழும். உப்பு, வெங்காயம், மசாலா சேர்ந்த வீட்டுக் கறி வேண்டாம். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கழித்தவுடன் குட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். கழித்தால் வெளி உலகம் முடிந்துபோகும் என்று அது கற்றுக்கொண்டால், அடுத்த முறை அடக்கிக்கொண்டு நிற்கும். கழித்த பிறகுதான் விளையாட்டு, கழித்த பிறகுதான் உலாவல் என்று வையுங்கள்.

உள்ளே இருக்கும்போது குட்டி உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடியாத நேரத்தில் சிறு வேலி போட்ட இடத்திலோ, திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டிலோ விடலாம். படுக்கையை நனைக்காத அதன் பிறவிக்குணம் அங்கே உதவும். ஆனால் கூண்டைச் சிறைத்தண்டனையாக்கி மணிக்கணக்கில் பூட்டிவைத்தால் அந்தக் குணத்தையே அழித்துவிடுவோம். ஒவ்வொரு விபத்தும் தவறான இடத்தில் நடந்த ஒரு பயிற்சி. கழித்ததும் கிடைக்கும் நிம்மதியே அதற்கு ஒரு கூலிதான். நாம் கொடுக்காவிட்டாலும் உடம்பு கொடுத்துவிடுகிறது. குட்டியின் மேல் கண் வைத்திருப்பது இந்தப் பயிற்சியில் பாதி வேலை.

விபத்து நடந்துவிட்டால்? நடக்கும்போதே பார்த்தால் மெதுவாகக் கை தட்டித் தூக்கிக்கொண்டு போங்கள். பிறகு பார்த்தால், துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். "தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்று சொல்லாத வீடு இல்லை. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களைக் கொண்டு இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லித் தீனியை வைத்துவிட்டு உரிமையாளர் அறையை விட்டுப் போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். சில நேரம் அது உண்மை, சில நேரம் பொய். தலையைக் குனிவது, பார்வையைத் திருப்புவது, வாலை இடுக்கி வைப்பது ஆகியவை நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தன. ஒரு குற்றமும் செய்யாத நாய் திட்டு வாங்கியபோது அந்த முகம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது பயத்தை.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் வேதனை. அடிபட்ட குட்டி 'கூடத்தில் போகக்கூடாது' என்று கற்பதில்லை. 'இந்த மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது' என்று கற்கிறது. அதன்பின் கட்டிலுக்கு அடியில், துணிக்கூடைக்குப் பின்னால் என்று மறைவிடம் தேடும். நீங்கள் கயிறு பிடித்து வெளியே நிற்கும்போது கழிக்காது. "பிடிவாதம் பிடிக்கிறது" என்று மறுபடி அடி விழும். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. தண்டனை சார்ந்த பள்ளிகளில் பழகிய நாய்களின் உமிழ்நீரில் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பு கூடியிருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை நோக்கி அவை தயங்கித் தயங்கிப் போயின. பரிசால் பழகியவை அவற்றைவிட விரைவாகப் போயின. 2021-இல் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவச் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசு சார்ந்த முறைகளை மட்டுமே பயன்படுத்தும்படி அறிவித்தது. நாயிடம் நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற பழைய வாதமும் நிற்கவில்லை. கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்துப் பிறந்த கருத்து அது. அதைப் பரப்பிய ஆய்வாளர்களில் ஒருவரான டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார்.

துடைப்பதிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. நம் மூக்குக்குப் போய்விட்ட வாடை குட்டியின் மூக்குக்கு இருந்துகொண்டே இருக்கும். அது 'இங்கேதான்' என்று திரும்ப அழைக்கும். சிறுநீர் காயக் காய அம்மோனியா வரும். அதன் மேல் பிளீச் ஊற்றினால் குளோரமின் என்ற நச்சு வாயு எழும். கதவடைத்த வீட்டில் குழந்தைகளுக்கும் குட்டிக்கும் அது கேடு. முதலில் உறிஞ்சித் துடைத்து, தண்ணீரால் கழுவி, பிறகு நொதி கலந்த துப்புரவு நீரைப் பயன்படுத்துங்கள். செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. வீட்டுக்கு யாராவது வந்ததும் குட்டி குழைந்து படுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது பழக்கக் குறை அல்ல. பணிவைக் காட்டும் அனிச்சை. மேலே குனியாமல், கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து வரவேற்றால் வளர வளரப் போய்விடும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி உள்ளே கழித்தாலோ, முக்கினாலோ, இரத்தம் கண்டாலோ சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். நம் தாமான்களில் சுவருக்கு அந்தப் பக்கம் மலாய்க் குடும்பம் இருப்பது சாதாரணம். ஷாஃபி மரபில் நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். போர்ச்சைக் கழுவிய நீரை அவர்கள் வாசல் வழியாக லோங்காங்கில் ஓடவிடுவது அவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். புல் தட்டில் பழகிய நாயின் கழிவை அள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிடலாம். நல்ல பழக்கம் உள்ள நாய்தான் தெருவில் சண்டை இல்லாமல் வாழ முடியும். ஊராட்சி மன்ற உரிமத்தையும் எடுத்துவிடுங்கள். அடிப்பதை வீட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள், 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, குட்டி வாங்குவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. மேருவிலும் கிள்ளான் துறைமுகத்திலும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு பார்க்கிற குடும்பங்கள் நம்மில் நிறைய. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்விட்டால், மூன்று மணி நேரம் மட்டுமே தாங்கக்கூடிய ஓர் உயிர் பத்து மணி நேரம் தனியாக இருக்கும். எந்தக் கூலியும் அந்த இடைவெளியை நிரப்பாது. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் குட்டியைக் கொண்டுவாருங்கள். முடிந்தால் நீண்ட பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் கொண்டுவாருங்கள். பகலில் வீட்டில் ஒருவருமே இருக்க முடியாது என்றால் குட்டி வேண்டாம். விலங்குக் காப்பகங்களில் வளர்ந்த நாய்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கும் இதே முறைதான். ஆனால் அவற்றின் உடம்பு முதிர்ந்துவிட்டதால், பெரும்பாலும் குட்டியைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.